கடைசிக் கம்பத்து வீட்டில் வோல்ற்று ஏன் ஏறுகிறது?

கிளிநொச்சி வட்டக்கச்சியில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "நல்ல வெயில் எரிக்கிற பன்னிரண்டு மணிக்குத்தான் எங்கட வீட்டுச் சோலர் நிண்டு நிண்டு வருது. பனல் பழுதோ?"

பெரும்பாலும் பனலில் பழுது இருக்காது. அது நன்றாக வேலை செய்வதுதான் சிக்கலே. காரணத்தைத் தேடிப் போனால், யாரோ எப்போதோ உங்கள் ஊருக்குக் காணி பிரித்துக் கொடுத்த வரைபடத்தில் போய் நிற்போம்.

2030இல் மின்சாரத்தின் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களில் இருந்து, 2050இல் தேறிய பூச்சியக் கார்பன். இலங்கை உலகத்துக்குச் சொல்லியிருக்கும் இலக்கு இது. மன்னாரில் 103.5 மெகாவாற்றுக் காற்றாலைகள் 2020 கடைசியில் இருந்து சுற்றுகின்றன, சோளகம் (தென்மேற்குக் காற்று) பிடித்தால் நன்றாகவே தருகின்றன. ஆனால் அந்த மின்சாரம் உயரழுத்தக் கம்பியில் ஏறித் தேசிய வலையமைப்புக்குப் போய்விடும். நம் ஒழுங்கைக்குள் நடப்பது வேறு கதை.

பனல் தருவது நேரோட்டம் (DC), இன்வேட்டர் அதை ஆடலோட்டமாக்கி (AC) வீதிக் கம்பிக்கு அனுப்புகிறது. இது தெரிந்ததுதான். அனுப்புவது எப்படி என்பதில்தான் அழகு இருக்கிறது. கம்பிக்குள் மின்னைத் தள்ள வேண்டுமென்றால் இன்வேட்டர் தன் வோல்ற்றைக் கம்பியில் இருப்பதைவிடச் சற்று உயர்த்த வேண்டும். எவ்வளவு உயர்த்துவது என்பதைக் கம்பியின் தடை தீர்மானிக்கிறது. ஓ.எல்.லில் படித்த ஓமின் விதி (மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால் வோல்ற்று), அவ்வளவுதான்.

வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் குறைவாகத்தான் வரும் என்பது இரணைமடுக் குளத்தின் கீழ் விதைத்தவர்களுக்குத் தெரியும். இரவில் மின்கம்பியும் அப்படித்தான். எல்லா வீடும் லைற் போட்டதும் கடைசி வீட்டு மின்விசிறி களைத்துச் சுற்றும். மதியத்தில் எல்லாம் தலைகீழ். கடைசி வயலே ஊற்றாகி, வாய்க்காலில் எதிர்த்திசையில் தண்ணீரைத் தள்ளுகிறது. அப்போது மட்டம் எங்கே ஆக உயரமாக இருக்கும்? கடைசி வயலில்!

கணக்கைப் பார்ப்போம். 5 கிலோவாற்றை 230 வோல்ற்றில் அனுப்பினால் ஏறத்தாழ 22 அம்பியர். வீதியில் ஓடும் அலுமினியக் கம்பிக்குக் கிலோமீற்றருக்கு 0.45 ஓம் தடை என்று வைப்போம். ட்ரான்ஸ்போமர் 500 மீற்றர் தூரத்தில் இருந்தால், போக வர ஒரு கிலோமீற்றர். 22ஐ 0.45ஆல் பெருக்கினால் 10 வோல்ற் ஏற்றம். அனுமதிக்கப்பட்ட எல்லை 230இல் இருந்து 6 வீதம் கூடக் குறைய, அதாவது 216 முதல் 244 வரை. மாலையில் கடைசி வீட்டுக்கும் போதுமான வோல்ற்று வரட்டும் என்று ட்ரான்ஸ்போமரைக் கொஞ்சம் உயர்த்தி, 236இல் வைத்திருக்கிறார்கள் என்று எடுங்கள். மதியம் உங்கள் வீட்டில் 246. இன்வேட்டர் எல்லை மீறியதைக் கண்டு நின்றுவிடும். நின்றதும் வோல்ற்று இறங்கும், மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். பக்கத்து வீட்டுக்காரரும் அதே கட்டத்தில், அதாவது அதே பேஸ் (phase) கம்பியில், சோலர் போட்டால் ஏற்றம் 20 வோல்ற். சாதாரண ட்ரான்ஸ்போமரின் அமைப்பை மின்னை நிறுத்தித்தான் மாற்றலாம், பகலுக்கு ஒன்று இரவுக்கு ஒன்று வைக்க வழியில்லை.

சரி, பாதித் தூரத்தில் அதே கட்டத்தில் 5 கிலோவாற்று எடுக்கும் மா அரைக்கிற மில் ஒன்று பகலில் ஓடுகிறது என்று வையுங்கள். உங்கள் மின் அதுவரைதான் பயணிக்கும். ஏற்றம் 5 வோல்ற், வீட்டில் 241. கம்பியை மாற்றவில்லை, பற்றறி வாங்கவில்லை. மில் இருந்த இடம்தான் வேலையைச் செய்தது.

வன்னியின் குடியேற்றங்கள் நெல்லுக்காகப் பிரிக்கப்பட்டவை. வாய்க்கால் ஓரமாகப் பெரிய காணிகள், ஒன்றுக்கொன்று தள்ளி வீடுகள், அவற்றைத் தொட்டுக்கொண்டு நீளமான கம்பி. அன்று அது சரியான திட்டம். ஆனால் போருக்குப் பிறகு பல ஆயிரம் வீடுகளை ஒரேயடியாகக் கட்டியபோதும், ஏ9 வீதி ஓரமாகக் கடைகள் நீண்டபோதும், கம்பியின் நீளத்தை யார் யோசித்தார்கள்? கட்டட அனுமதி ஒரு கந்தோரில், மின் இணைப்பு இன்னொன்றில். வீடு எழும்பிய பிறகு மின்சாரக்காரர் வந்து கம்பம் நடுவார்கள். டென்மார்க் 1979இலேயே வெப்ப வழங்கலுக்குச் சட்டம் போட்டு, எந்தப் பகுதிக்கு எந்த வழியில் வெப்பம் என்று உள்ளூராட்சிகளைத் திட்டமிட வைத்தது. நமக்கு வீட்டைச் சூடாக்கும் தேவை இல்லை, கடவுளே! வரைபடம் மட்டும் தேவை.

நம்மிடம் திட்டமிடல் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மனையடி சாஸ்திரம் பார்த்து வாசலை நகர்த்தக் காசு கொடுக்கிறோம். கூரையின் சரிவைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கிளிநொச்சி இருப்பது ஏறத்தாழ 9.4 பாகை வடக்கில். இங்கே மேற்குச் சரிவால் ஆண்டு மொத்தத்தில் இழப்பது கொஞ்சம்தான், பின்னேர மின்னோ கூடுதலாகக் கிடைக்கும். ஏப்ரல் நடுவில் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேலே நிற்கும். அதே நாட்களில்தான், 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி நாடு முழுக்கக் கேட்டார்கள். தொழிற்சாலைகள் பூட்டு, மின்னை எடுக்க ஆளில்லை.

கேள்வி கேட்டவர் இப்போதைக்குக் கிணற்று மோட்டரை நடுப்பகலில் போட்டுப் பார்க்கலாம், கொஞ்சம் உதவும். முழுத் தீர்வுக்கு அளவீடு வேண்டும். யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இருக்கிறது. ஒவ்வொரு வீதியின் கடைசிக் கம்பத்திலும் வோல்ற்றைப் பதியும் சிறு கருவியை மாணவர்கள் ஒரு வருடம் தொங்கவிட நிதி கொடுத்தால், கொழும்பு ஹோட்டலில் நடக்கும் ஒரு கருத்தரங்கின் செலவைவிடக் குறைவாகத்தான் வரும் என்பது என் எண்ணம். பகலில் மின்னை எடுக்கும் தொழில் எந்த வீதிக்கு வேண்டும் என்பதை அந்தப் பதிவு காட்டும். ஆலை என்றால் சத்தமும் உமித் தூசியும் உண்டு, வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம் என்பவர்களின் நியாயமும் இருக்கிறது. குளிர் அறைக்கும் தையல் நிலையத்துக்கும் அந்தத் தொல்லை இல்லை. மதியம் 244ஐத் தொடும் வீதிகளில் அவற்றுக்கு முதலில் அனுமதி கொடுக்கலாம்.