மணக்காத நஞ்சை மோப்பம் பிடிப்பது எப்படி?

1995 மார்ச் 22. ஃபூஜி மலையடிவாரத்தில் கமிகுயிஷிகி என்ற கிராமம். ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் குழுவின் வளாகத்துக்குள் ஜப்பானியப் போலீசார் நுழைகிறார்கள். முகமூடி, பாதுகாப்பு உடை எல்லாம் மாட்டியிருக்கிறார்கள். கையில் மட்டும் கூண்டு, கூண்டுக்குள் ஒரு கானரிக் குருவி! மின்னணுக் கருவிகளுக்குப் பேர்போன நாட்டின் போலீஸ், நஞ்சைக் கண்டறியக் குருவியைத் தூக்கிக்கொண்டு போன அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. பார்த்தவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் குருவியைப் புரிந்துகொண்டால் இன்றைய கருவிகளில் பாதி புரிந்துவிடும்.

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அந்தக் குழு டோக்கியோ சுரங்க ரயிலில், மூன்று தடங்களில் ஓடிய ஐந்து ரயில்களுக்குள், சாரின் என்ற நரம்பு நஞ்சைக் கசியவிட்டிருந்தது. காலை எட்டு மணி, அலுவலக நெரிசல். தீயணைப்புத் துறையிலிருந்து முதலில் வந்த தகவல், 'அசிட்டோநைட்ரைல்'. அது ஆய்வகங்களில் புழங்கும் சாதாரணக் கரைப்பான். போலீஸ் தரப்பு ஆய்வில் சாரின் என்று தெரியவரும்போது மணி பதினொன்று.

ஏன் இவ்வளவு தாமதம்? சாரினுக்கு நிறம் கிடையாது, மணமும் கிடையாது. அளவும் மிகச் சொற்பம். ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராம் இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்பது அமெரிக்க வரையறை. நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்று மீட்டர் உள்ள அறை என்றால் மொத்தம் 2.7 மில்லிகிராம், ஏறக்குறைய நாலைந்து சர்க்கரைப் பருக்கைகளின் எடை. அறை முழுக்க விரவிக் கிடக்கும் அந்த நாலைந்து பருக்கையைக் கருவி பிடித்தாக வேண்டும்.

குருவி அதைப் பிடிப்பது ஒரு நொதியால். நரம்பு தசையைப் பார்த்து "சுருங்கு" என்று சொல்ல அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை அனுப்புகிறது. வேலை முடிந்ததும் அதைத் துடைத்தெடுப்பது அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. சாரின் போய் இந்த நொதியின் வாயை அடைத்துவிடுகிறது. துடைக்க ஆளில்லாததால் கட்டளை நிற்காமல் ஒலிக்கிறது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சில் வழியும், மூச்சு திணறும். குருவிக்கு உடல் சிறிது, மூச்சு வேகம். நமக்கு முன் அது விழுந்துவிடும்.

குருவியை விட்டுவிட்டு நொதியை மட்டும் எடுத்து ஓர் அட்டையில் வைத்தால் என்ன? அமெரிக்க ராணுவத்தின் எம்256 சோதனைப் பெட்டி செய்வது அதைத்தான். அட்டையைக் காற்றில் சில நிமிடங்கள் காட்டிவிட்டு, நொதிக்கு ஒரு 'தீனி'யைக் கொடுக்கிறார்கள். நொதி உயிர்ப்போடு இருந்தால் புள்ளி நீலமாகும். நீலம் வந்தால் நல்ல சேதி. நிறம் வராவிட்டால்தான் ஓட வேண்டும். எல்லாம் முடியக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். வயலில் அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்தும் இந்த அட்டையை ஏமாற்றும். ஏமாற்றும் என்று சொல்வதுகூட நியாயமில்லை. ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ரேடர் 1936இல் தபுன் என்ற முதல் நரம்பு நஞ்சைக் கண்டதே பூச்சிமருந்து தேடிய வழியில்தான். உறவுக்காரனைப் பார்த்து உறவுக்காரன் என்கிறது அட்டை, அவ்வளவுதான்.

தரையில் துளித்துளியாகத் திரவம் கிடந்தால் இதைவிட எளிய வழி உண்டு: எம்8 காகிதம். இரண்டு சாயமும் ஓர் அமில-கார நிறங்காட்டியும் கலந்த தாள். சாரின் வகை மஞ்சள் சாயத்தைக் கரைக்கும், மஸ்டர்ட் என்ற கொப்புள நஞ்சு சிவப்பைக் கரைக்கும், விஎக்ஸ் என்ற இன்னொரு நரம்பு நஞ்சு கரும்பச்சை காட்டும். ஒரு குச்சியின் நுனியில் ஒட்டித் தொட்டுப் பார்த்தால் போதும். பிரேக் ஆயில் பட்டாலும் நிறம் மாறிவிடுவதால், இதை மட்டும் நம்பி ஒரு தெருவைக் காலி செய்ய யாரும் துணிவதில்லை.

தீயணைப்பு வீரர் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் கருவிகளில் பெரும்பாலானவை அயனி நகர்வு முறையில் இயங்குபவை. விமான நிலையத்தில் உங்கள் பையைத் துணியால் துடைத்து ஒரு பெட்டிக்குள் செருகுகிறார்களே, அதுவும் இதே குடும்பம்தான். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த யுக்தி இது. உள்ளே இழுக்கப்படும் காற்று முதலில் நிக்கல்-63 என்ற கதிரியக்கத் தகட்டைக் கடக்கிறது. அதன் பீட்டா துகள்கள் காற்றை மோதி அயனியாக்க, கடைசியில் அந்த மின்னேற்றம் புரோட்டான் வடிவில் ஈரப்பதத்தின் நீர்மூலக்கூறுகளிடம் வந்து தங்குகிறது. நரம்பு நஞ்சுகளுக்குப் புரோட்டான் மீது தீராத பசி. நீரிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொள்ளும். லட்சக்கணக்கான மூலக்கூறுகளுக்கு நடுவே தங்களைத் தாங்களே காட்டிக்கொடுப்பது இப்படித்தான்.

அடுத்து ஓட்டப் பந்தயம். ஒரு மின்வாயில் கண நேரம் திறந்து அயனிகளை விடுகிறது. சில சென்டிமீட்டர் நீளக் குழாயில் மின்புலம் அவற்றை முன்னால் இழுக்கும், எதிரே உலர்ந்த காற்று வரும். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒல்லியான பையன் புகுந்து போய்விடுவான், தலையில் கூடை வைத்திருப்பவர் முட்டி மோதித்தான் வருவார். அதுபோல உருவமும் எடையும் பொறுத்து ஒவ்வோர் அயனிக்கும் ஒரு நேரம். எல்லாம் சில மில்லிநொடிகளில். வந்துசேர்ந்த நேரத்தைப் பார்த்துக் கருவி 'இது சாரின்' என்கிறது.

கவனியுங்கள், கருவி அறிந்தது நேரத்தை மட்டும்தான். அதே நேரத்தில் வந்துசேரும் வேறு எதையும் அது நஞ்சு என்றே சொல்லும். வாசனைத் திரவியம், தரை துடைக்கும் மருந்து எல்லாம் அலாரம் அடிக்க வைத்திருக்கின்றன. வலித் தைலங்களில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட்டை, மஸ்டர்டுக்குப் பதிலாகப் பயிற்சியில் பயன்படுத்துவதே வழக்கம். இன்னொரு சங்கடமும் உண்டு: திரவத் துளிக்கு மிக அருகில் கொண்டுபோனால் கருவியே நஞ்சில் நனைந்து, அப்புறம் நல்ல காற்றிலும் வெகுநேரம் கத்திக்கொண்டிருக்கும்.

ஆகவே வேறு விதமாகக் கேள்வி கேட்கும் இரண்டாவது கருவியும் வேண்டும். பிரெஞ்சுத் தயாரிப்பான ஏபி4சி, காற்றை ஹைட்ரஜன் சுடரில் எரிக்கிறது. நரம்பு நஞ்சுகளில் உள்ள பாஸ்பரஸ் இருந்தால் பச்சை ஒளி, மஸ்டர்டில் உள்ள கந்தகம் இருந்தால் நீல ஒளி. மூலக்கூறு எதுவென்று அதற்குத் தெரியாது, தனிமத்தைத்தான் தெரியும். புற ஊதா விளக்கால் அயனியாக்கும் பிஐடி மீட்டர் ஆலை விபத்துகளில் நன்றாக உதவும். ஆனால் வழக்கமான 10.6 எலக்ட்ரான் வோல்ட் விளக்குக்குக் குளோரினும் பாஸ்ஜீனும் அகப்படாது. முதல் உலகப் போரின் இரண்டு பெரும் நச்சு வாயுக்களுக்கு நடுவே நின்றுகொண்டு அது சுழியம் காட்டும்.

ஆவியே வராத நஞ்சு என்றால் இவை எல்லாமே தடுமாறும். விஎக்ஸ் கிட்டத்தட்ட எஞ்சின் ஆயில் மாதிரி. 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்குள் அதன் ஆவி பத்து மில்லிகிராம் அளவுக்குத்தான் ஏறும். சாரின் அதைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் ஏறும். 2017 பிப்ரவரி 13 அன்று கோலாலம்பூர் விமான நிலையத்தில் வடகொரியத் தலைவர் கிம் ஜாங் உன்னின் மாற்றாந்தாய் வழி அண்ணன் கிம் ஜாங் நாம் முகத்தில் பூசப்பட்டது விஎக்ஸ்தான். முனையம் வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் கழித்தே பாதுகாப்பு உடையணிந்த குழு வந்து சோதித்துப் போனது. இப்படிப்பட்ட இடங்களில் காற்றை முகர்வதில் அதிகப் பயனில்லை. பரப்புகளைத் துடைத்தெடுத்துச் சோதிக்க வேண்டும்.

கடைசிச் சொல் ஜிசி-எம்எஸ் கருவிக்கு. முடி போன்ற மெல்லிய, மீட்டர் கணக்கில் நீளும் குழாயில் கலவையைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எலக்ட்ரான்களால் உடைத்து, சில்லுகளை எடைபோடுகிறது. 99, 125 என்ற சில்லுகள் சாரினின் கைரேகை மாதிரி. முதுகில் சுமக்கும் அளவில் இன்று கிடைக்கிறது. டோக்கியோ போலீஸ் பதினொரு மணிக்குப் பதில் சொன்னதும் இந்த முறையில்தான்.

அதுவரை டோக்கியோவின் செயின்ட் லூக்ஸ் மருத்துவமனை காத்திருக்கவில்லை. அன்று ஒரே நாளில் அங்கே 640 பேர் வந்தார்கள். பிரகாசமான விளக்கின் கீழ் எல்லாம் இருட்டாகத் தெரிவதாகச் சொன்ன அவர்களின் கண்மணிகள் ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தன. பூச்சிமருந்து குடித்தவர்களிடம் காணும் அதே அடையாளம். ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் நொதியின் அளவைப் பார்த்தார்கள்; விழுந்து கிடந்தது. அசிட்டோநைட்ரைல் என்ற தகவல் ஒரு பக்கம் இருக்க, நரம்பு நஞ்சுக்கான மாற்று மருந்துகள் ஏறத் தொடங்கின. சாரின் என்ற பெயரை மருத்துவர்கள் பிறகு தொலைக்காட்சிச் செய்தியில்தான் கேட்டார்கள். நோயாளிகளின் உடைகளிலிருந்து ஆவி வந்துகொண்டிருப்பதைச் சொல்ல அங்கே எந்தக் கருவியும் இல்லை. ஊழியர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அறிகுறிகள் தெரிந்தன.