ரேடார் சிமுலேட்டர் வாங்குவோர் கேட்க மறக்கும் கேள்விகள்

சில ஆண்டுகளுக்கு முன்பு, சிமுலேட்டர் (உண்மையான ரேடார் திரையைப் போலவே காட்சிகளைக் காட்டும் பயிற்சிக் கணினி) தேர்வுகள் அனைத்திலும் சிறந்த மதிப்பெண் பெற்றிருந்த ஓர் இளம் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், உண்மையான ரேடார் திரையின் முன் பணிப்பயிற்சிக்கு அமர்ந்த முதல் வாரத்திலேயே, திரையில் நேர்கோட்டில் நகர்ந்துகொண்டிருந்த ஒரு விமானக் குறியை நம்பி, இன்னொரு விமானத்துக்கு உயரம் குறைக்க அனுமதி வழங்க இருந்தார். மேற்பார்வையில் இருந்த நான் தடுத்தேன். அந்த விமானத்தின் மறுமொழியை ரேடார் இழந்து இரண்டு மூன்று சுழற்சிகள் கடந்திருந்தன. முந்தைய வேகத்தையும் திசையையும் கொண்டு, விமானம் இந்நேரம் இங்கே இருக்கக்கூடும் என்று கணினி ஊகித்து வரைந்த குறி அது. விமானமோ அதற்குள் திரும்பத் தொடங்கியிருந்தது. குறியின் வடிவம் மாறியிருந்ததை அவர் கவனிக்கவில்லை, கவனிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவும் இல்லை. அவர் பயின்ற சிமுலேட்டரில் எந்த விமானமும் ஒருமுறைகூடத் திரையிலிருந்து மறைந்ததில்லை.

ரேடார் பயிற்சிச் சிமுலேட்டர்களுக்கான சந்தை விமானத்துறையிலும் பாதுகாப்புத்துறையிலும் விரிவடைந்துவரும் இந்நாளில், அந்த நிகழ்வு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. தேவை உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. விமானப் போக்குவரத்து பெருகுகிறது, பழைய ரேடார்கள் மாற்றப்படுகின்றன, பயிற்சி பெறாத ஒருவரை நெரிசலான வான்பகுதியின் முன் அமர்த்திப் பழக்க இயலாது. பாதுகாப்புத்துறையின் காரணங்கள் இன்னும் வலுவானவை. அமைதிக்காலத்தில் போர் ரேடாரை முழு வலிமையுடன் இயக்கினால், அதன் அலை அடையாளத்தை மற்றவர்கள் பதிவு செய்துகொள்ள வாய்ப்பு உண்டு. ரேடார் அலைகளைக் குழப்பும் கருவிகளான ஜாமர்களை உண்மையாகவே இயக்கிப் பயிற்சி நடத்தினால், அருகில் பறக்கும் பயணிகள் விமானங்களின் கருவிகளும் பாதிக்கப்படலாம். 2019 செப்டம்பர் 14 அன்று சவூதி அரேபியாவின் அப்கைக் எண்ணெய் நிலையத்தை டிரோன்களும் குரூஸ் ஏவுகணைகளும் தாக்கிய பிறகு, தாழ்வாகப் பறந்து வரும் சிறிய இலக்குகளை அடையாளம் காணும் பயிற்சியை எந்த நாடும் தள்ளிப்போட முடியவில்லை.

ரேடார் பயிற்சிக்குச் செயற்கைக் களம் அமைப்பது புதிய எண்ணமும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போதே, நீர்த்தொட்டிக்குள் நிலப்பரப்பின் மாதிரியை வைத்து, அதன் மேல் மீயொலியைப் பாய்ச்சி, குண்டுவீச்சு விமானத்தின் ரேடார் திரையில் தெரியும் காட்சியை உருவாக்கினார்கள். நீரில் ஒலி செல்லும் வேகம் ரேடியோ அலையின் வேகத்தில் ஏறத்தாழ 2,00,000-இல் ஒரு பங்கு. எனவே சில அடி அகலமுள்ள தொட்டியே ஒரு நகரத்துக்கு ஈடானது. அந்தத் தொட்டியில் எதிரொலிகள் இயல்பாகவே சிதறின, நிழல்கள் இயல்பாகவே விழுந்தன. இன்றைய மென்பொருள்கள் பலவற்றில் இந்த இயல்புதான் காணாமல் போகிறது.

உண்மையான ரேடார் திரை ஒருபோதும் தூய்மையானதாக இருப்பதில்லை. தான் அனுப்பிய அலை பட்டுத் திரும்புவதைக் கொண்டு இயங்கும் முதன்மை ரேடாருக்கு மழையும் மலையும் பறவைக் கூட்டமும் எதிரொலி தருகின்றன. சில வானிலைகளில் அலைகள் வளைந்து சென்று, வெகு தொலைவில் உள்ள நிலத்தையே இலக்காகக் காட்டிவிடும். இரண்டாம்நிலை ரேடார் விமானத்தில் உள்ள பதிலளிக்கும் கருவியான டிரான்ஸ்பாண்டர் தரும் மறுமொழியைச் சார்ந்தது. இரண்டு விமானங்கள் நெருங்கிப் பறக்கும்போது அவற்றின் மறுமொழிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து உயரமும் அடையாளமும் குழம்பக்கூடும், பெரிய கட்டடத்தில் பட்டுத் திரும்பிய மறுமொழி, உண்மையில் அங்கே இல்லாத ஒரு விமானத்தை வரைந்து காட்டக்கூடும். விமான நிலைய ரேடார் ஏறத்தாழ 4 அல்லது 5 விநாடிக்கு ஒருமுறையும், தொலைதூர ரேடார் 10 முதல் 12 விநாடிக்கு ஒருமுறையும்தான் படத்தைப் புதுப்பிக்கின்றன என்பதால், திரையில் உள்ளது எப்போதும் சற்று முந்தைய நிலைமைதான். இவற்றைக் காட்டாமல் குறிகளை வழுக்கிச் செல்லவிடும் சிமுலேட்டரில் நூறு மணி நேரம் பயின்றவர், திரையைச் சந்தேகிக்கத் தெரியாதவராகவே வெளியே வருகிறார். பயிற்சி குறைவாக இருப்பதைக் காட்டிலும் இது ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து.

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் உயிரிழந்தனர். அந்த வான்பகுதியைக் கவனித்த சூரிச் மையத்தில், பராமரிப்புப் பணிக்காக ரேடார் அமைப்பு அன்று மாற்று முறையில் இயங்கிக்கொண்டிருந்தது. மோதல் அபாயத்தைத் திரையில் காட்டும் எச்சரிக்கை கிடைக்கவில்லை, முதன்மைத் தொலைபேசி இணைப்பும் துண்டிக்கப்பட்டிருந்தது, ஒரே கட்டுப்பாட்டாளர் இரண்டு பணியிடங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும், பாதி செயலிழந்த அமைப்புடன் தனியாகப் பணியாற்றும் அந்த இரவைச் சிமுலேட்டரில் ஒருமுறையேனும் வாழ்ந்து பார்த்திருக்கிறாரா என்று என் மாணவர் ஒவ்வொருவரையும் நான் கேட்பதற்கு அந்த விபத்தே காரணம்.

பாதுகாப்புத்துறையில் இதற்கு நேர் எதிரான பாடம் ஒன்று உள்ளது. 1988 ஜூலை 3 அன்று அமெரிக்கப் போர்க்கப்பலான வின்சென்ஸ், ஈரான் ஏர் 655 பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதில் 290 பேர் மாண்டனர். கப்பலின் ரேடாரையும் ஆயுதங்களையும் கணினியால் இணைக்கும் ஏஜிஸ் அமைப்பு பதிவு செய்த தரவுகளில் அந்த விமானம் உயர்ந்துகொண்டிருந்தது, கப்பலில் இருந்தவர்களோ அது தங்களை நோக்கி இறங்குவதாகக் கூறினார்கள். அங்கே கருவி சரியாகவே இருந்தது, எதிர்பார்ப்பும் பதற்றமும் சேர்ந்து கண்ணை மறைத்தன. அதன் பிறகே அமெரிக்கக் கடற்படை, அழுத்தத்தின் கீழ் முடிவெடுப்பதை ஆராய 'டாட்மஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. எதிரி விமானங்கள் மட்டுமே வரும் பயிற்சிக் காட்சிகளில் பழகியவருக்கு ஒவ்வொரு புள்ளியும் எதிரியாகவே தெரியும். ஆகவே, சுடாமல் விடுவதே சரியான விடையாக அமையும் காட்சிகள், போர்ப் பயிற்சிச் சிமுலேட்டரில் போதிய அளவு இருக்க வேண்டும்.

விற்பனை விளக்கக் காட்சிகளில் இவை பேசப்படுவது அரிது. பெரிய திரைகளும் அழகிய வண்ணங்களும் முன்னே நிற்கின்றன. விமானியாகப் பேசும் உதவியாளருக்குப் பதிலாகக் குரலறி மென்பொருள் பதில் சொல்வதைப் பெருமையுடன் காட்டுகிறார்கள். அது செலவைக் குறைக்கும், தனியாகப் பயிலவும் உதவும் என்பதை ஏற்கிறேன். ஆனால் தயங்கும் விமானி, தவறாகத் திருப்பிச் சொல்லும் விமானி, வேறொருவருக்குத் தந்த அனுமதியைத் தனக்கென எடுத்துக்கொள்ளும் விமானி ஆகியோரை அந்த மென்பொருள் நடித்துக் காட்டுமா என்று வாங்குவோர் கேட்க வேண்டும். இலக்கு மறைவதையும், போலி இலக்கு தோன்றுவதையும், ஜாமர் திரையை நிறைப்பதையும் பயிற்றுநர் தன் இருக்கையிலிருந்தே, பயிற்சியின் நடுவிலேயே, நிகழச் செய்ய முடியுமா என்றும் கேட்க வேண்டும். பயிற்சி முடிந்தபின் பதிவான குரலும் திரையும் ஒன்றாக மீண்டும் ஓட வேண்டும் என்பதும் முக்கியம், ஏனெனில் மாணவர் கற்பதில் பெரும்பகுதி அந்த மறுபார்வையில்தான் நிகழ்கிறது.

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது வேறு இரண்டு வரிகளை. பணியிடத்து ரேடார் மென்பொருள் மாறும்போது சிமுலேட்டரும் எத்தனை நாளில் மாற்றப்படும் என்பது ஒன்று. நான் அறிந்த ஒரு மையத்தில், பணித்திரையின் குறியீடுகள் மாறி ஓராண்டு கடந்த பின்பும் மாணவர்கள் பழைய குறியீடுகளையே மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். புதிய பயிற்சிக் காட்சிகளை எங்கள் பயிற்றுநர்களே எழுதிக்கொள்ளலாமா, ஒவ்வொன்றுக்கும் விற்பனையாளரை அழைக்க வேண்டுமா என்பது மற்றொன்று. நேற்று பணியில் நேர்ந்த ஒரு தவறு இன்று மாலைக்குள் பயிற்சிக் காட்சியாக மாற வேண்டும். அன்று அந்த இளம் கட்டுப்பாட்டாளர் கவனிக்கத் தவறிய மறைந்துபோன விமானத்தை அதே வாரத்தில் நான் காட்சியாக எழுத முயன்றேன். மென்பொருள் இடம்தரவில்லை, அனுமதியும் கூடுதல் கட்டணமும் கேட்டுக் கடிதம் வந்தது.