சோயாபாலும் புழுவின் வயிறும்

எங்கள் புளோக் தாழ்வாரத்தில் வைத்திருக்கும் தக்காளிச் செடியைப் பச்சைப்புழு ஒன்று மொட்டையடித்துக்கொண்டிருந்த அன்று, அடுப்பில் சோயாபால் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. சோயாபாலை நன்றாகக் கொதிக்கவைக்காமல் குடிக்கக்கூடாது என்பதற்குப் பச்சை வாசனை மட்டும் காரணமில்லை. அதில் இருக்கும் ஒரு புரதம், நம் குடலில் புரதத்தை நறுக்கும் டிரிப்சின் என்ற நொதியின் வாயில் போய் ஆப்பு மாதிரி மாட்டிக்கொள்ளும், சாப்பிட்டது செரிக்காது. கொதித்தால் அதில் பெரும்பகுதி செயலிழந்துவிடும். நமக்கு அடுப்பு இருக்கிறது, புழுவுக்கு ஏது?

1972இல் கிரீன், ரயன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: உருளை, தக்காளி இலைகளை வண்டு கடித்தால், கடிபடாத இலைகளிலும் இத்தகைய தடுப்புப் புரதங்கள் சேர்ந்துவிடுகின்றன. 1987இல் தட்டைப்பயறின் தடுப்பான் மரபணுவைப் புகையிலைக்குள் வைத்தார்கள், புழுக்கள் தடுமாறின. ஆமாம், நாம் சுண்டல் செய்யும் அதே தட்டைப்பயறுதான்.

சரி, எந்தத் தடுப்பானை எந்தப் பூச்சிக்குப் போடுவது? முதலில் வயிற்றைப் பார்க்க வேண்டும். அந்துப்பூச்சிப் புழுக்களின் குடல் கடும் காரத்தன்மை கொண்டது, அங்கே டிரிப்சின் வகை நொதிகள்தான் ராஜா. பல வண்டுகளின் குடலோ லேசான அமிலம், நொதியும் வேறு குடும்பம்; அவற்றுக்கு அரிசியிலேயே இருக்கும் சிஸ்டாட்டின் போன்ற தடுப்பான் பொருந்தும். புழுவின் குடலைப் பிரித்தெடுத்து அரைத்து, நொதி வெட்டினால் மஞ்சளாகும் ஒரு நிறமற்ற பொருளைச் சேர்ப்பார்கள், அப்புறம் தடுப்பானையும் சேர்த்து மஞ்சள் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார்கள். சோதனை அவ்வளவுதான்.

ஆனால் இங்கேதான் பலர் ஏமாந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சோதனைக்குழாயில் அபாரமாக வேலை செய்த தடுப்பான் செடியில் சொதப்பும், ஏனென்றால் புழு சும்மா இருப்பதில்லை. தடுப்பான் உள்ள இலையைத் தின்னத் தின்ன, அந்தத் தடுப்பானுக்கு மசியாத வேறு நொதிகளை அதன் குடல் சுரக்க ஆரம்பித்துவிடும். 1995இலேயே யோங்ஸ்மா குழுவினர் இதைக் காட்டிவிட்டார்கள். ஆகவே சாதாரண உணவு தின்ற புழுவின் குடலில் சோதித்தால் பாதி உண்மைதான் தெரியும், தடுப்பானைத் தின்றும் பிழைத்த புழுவின் குடலில் சோதிக்க வேண்டும்.

2010இல் பருத்தியில் செய்தது இதைத்தான். அலங்காரப் புகையிலை ஒன்றின் தடுப்பானைத் தின்றும் சாகாத காய்ப்புழுக்களின் குடலில், அந்தத் தடுப்பானுக்கு அசையாத ஒரு கைமோடிரிப்சினை, அதாவது புரதத்தை நறுக்கும் இன்னொரு வகை நொதியைக் கண்டுபிடித்தார்கள். அதை மடக்கும் ஆளைத் தேடியபோது கிடைத்தது உருளைக்கிழங்கின் வேறொரு தடுப்பான். இரண்டையும் ஒரே செடியில் வைத்ததும், வயலிலேயே புழுச் சேதம் குறைந்தது.

என் தக்காளிக்கு அந்த வசதி எதுவும் இல்லை, புழுவைக் கையால்தான் எடுத்துப் போட்டேன்.