போல்ட் முறுக்கும் கை உள்ளே, ஆள் வெளியே

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பக்கம் கல்ஹாம் என்ற ஊரில், 1983 முதல் 2023 வரை 'ஜெட்' என்ற அணுக்கரு இணைவு உலை ஓடியது. பெரியதொரு மெதுவடையை உள்ளே குடைந்து கூடாக்கியதுபோல ஓர் உலோகக் கலம். டியூட்டீரியம், ட்ரிட்டியம் என்ற ஹைட்ரஜன் வகைகளை அதில் 10 கோடி டிகிரிக்கு மேல் சூடாக்கி இணைய வைத்தார்கள்.

சரி, அணைத்து ஆறவிட்டபின் ஆள் இறங்கிப் பார்க்கலாமே? முடியாது. இணைவில் பிறக்கும் நியூட்ரான்கள் சுவர் உலோகத்தையே கதிரியக்கம் உள்ளதாக மாற்றிவிடும். சுவரில் கதிரியக்கமுள்ள ட்ரிட்டியம் வேறு ஊறியிருக்கும். போதாக்குறைக்கு, நுரையீரலைக் கெடுக்கும் பெரிலியம் என்ற உலோகத்தின் தூசி.

ஆகவே பக்கவாட்டுத் துளை வழியாக, பல மூட்டுகள் கொண்ட நீண்ட தண்டு ஒன்று பாம்புபோல வளைந்து உள்ளே போகும். அதன் நுனியில் 'மாஸ்காட்': இரண்டு கைகளும் கேமராக்களும் கொண்ட ரோபோ. எதிர்ப்பக்கத் துளையிலிருந்து இன்னொரு தண்டு கருவிகளை எடுத்துக் கொடுக்கும், கொத்தனாருக்குச் சித்தாள்போல.

ரோபோ என்றதும் தானே யோசித்து வேலை செய்யும் என்று நினைக்க வேண்டாம். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் அதே மாதிரியான இரண்டு கைகளைப் பிடித்திருப்பார். அவர் திருப்பினால் அது திரும்பும். எனக்குப் பிடித்த அம்சம் இதன் மறுபாதி: உள்ளே போல்ட் இறுகினால் அந்த எதிர்ப்பை மோட்டார்கள் அவர் கைக்கே திருப்பித் தரும். பாட்டில் மூடியைக் கோணலாகப் போட்டால் கண்ணைவிட விரலுக்குத்தானே முதலில் தெரிகிறது? கேமராப் படத்தில் ஆழம் ஏமாற்றும், கை ஏமாறாது. தண்டின் முழங்கை எங்கே இடிக்கப்போகிறது என்பதும் கேமராவில் சரியாகத் தெரியாது. அதற்குக் கணினியில் முப்பரிமாண மாதிரி ஒன்று கூடவே ஓடும். முன்கூட்டி ஒத்திகை பார்க்க முழு அளவிலான பொம்மைக் கலமும் உண்டு. உள்ளே ஒரு நட்டு தவறி விழுந்தால், குனிந்து எடுக்க அங்கே ஆள் கிடையாதே.

1997-இல் நடந்த ட்ரிட்டியம் சோதனைகளுக்குப் பிறகு, 1998-இல் கலத்தின் அடிப்பகுதியில் பதித்த ஓடுகளை (டைல்ஸ்) ஆள் நுழையாமலே மாற்றினார்கள். 2009-11-இல் உட்சுவரின் கார்பன் ஓடுகளை எடுத்துவிட்டு பெரிலியமும் டங்ஸ்டனும் பதித்தார்கள். பெரிலியம் 1,287 டிகிரியிலேயே உருகிவிடும். ஓர் ஓடு பக்கத்து ஓட்டைவிடச் சற்றே துருத்தினால் போதும், உள்ளே சூடாகும் வாயு (பிளாஸ்மா) அதன் விளிம்பைத் தின்றுவிடும். ஆய்வு என்பது பெரும்பாலும் இந்த விளிம்புகளைப் படமெடுத்துப் பழைய படங்களோடு ஒப்பிடுவதுதான்.

இதிலும் ஒரு சிக்கல். கலத்தைத் திறந்தால் வெற்றிடம் போய்விடும். மறுபடி காற்றை உறிஞ்சிச் சுத்தமாக்க நாட்கணக்கில் ஆகும். அதனால் பிரான்சின் கதராஷில், வெற்றிடத்தைக் கலைக்காமலே நுழையும் 8 மீட்டர் கை ஒன்றைச் செய்து, 2008-இல் அங்கிருந்த தோர் சுப்ரா என்ற இணைவு உலைக்குள் விட்டுப் பார்த்தார்கள். சாதாரண எண்ணெய் போட்டால் ஆவியாகி உலையை அழுக்காக்கும் என்பதால், மூட்டுகளுக்கு அந்த மசகு கிடையாது. ஆனால் அது மெலிந்த கை. கேமராவைச் சுமக்கும், அவ்வளவுதான். ஓட்டைக் கழற்ற மாஸ்காட் மாதிரி முரட்டுக் கைதான் வேண்டும்.