காட்டுக்கோழியும் செங்காட்டுக்கோழியும்

மலாய் மொழியில் ‘ஆயாம் ஹூத்தான்’ என்றும், பிற கோழிகளை ஈர்த்துப் பிடிக்கப் பழக்கிய சேவலைக் குறிக்கும் ‘டெனாக்’ என்னும் சொல்லைச் சேர்த்து ‘ஆயாம் டெனாக்’ என்றும் வழங்கும் பறவையை, மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் காட்டுக்கோழி என்கிறார்கள். ஆயாம் கோழி, ஹூத்தான் காடு, பெயர்ப்பில் பிழையில்லை. ஆயினும் சிவப்பு, சாம்பல், பச்சை, இலங்கை என நான்கு இனங்களுக்கும் பொதுவான இச்சொல், இங்குள்ள இனம் எது என்பதைச் சொல்வதில்லை.

பழைய சொல் கானங்கோழி. கானம் என்றால் காடு. குறுந்தொகையின் 242ஆம் பாடல் ‘கானங்கோழிக் கவர்குரல் சேவல் ஒண்பொறி எருத்தின்’ என்று, அதன் கழுத்தில் ஒளிரும் புள்ளிகளைக் குறிப்பிடுகிறது. தமிழகக் காடுகளில் இயல்பாக வாழும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகுகளில் மெழுகுத்துளி போன்ற வெளிர்மஞ்சள் புள்ளிகள் உண்டு. மலேசியாவில் வாழும் சிவப்பு இனச் சேவலின் கழுத்தோ புள்ளியற்ற பொன்சிவப்பு. ஆகவே புலவர் பாடியது சாம்பல் இனத்தையே என்று கொள்வது பொருத்தம். அச்சொல்லை இன்று மீட்கவும் இயலாது. ‘கானாங்கோழி’ என்று திரிந்து, பறவை நூல்களில் அது நீர்நிலையோரப் பறவைகளுக்கு உரியதாகிவிட்டது. தோட்டத்து வாய்க்கால் ஓரங்களில் ஓடும், மலாயில் ‘ருவாக்-ருவாக்’ எனப்படும் பறவை கூட வெண்மார்புக் கானாங்கோழிதான்.

எனவே நம் பறவைக்குச் செங்காட்டுக்கோழி என்பதே தக்க பெயர். அறிவியல் பெயரான ‘காலஸ் காலஸ்’ இலத்தீனில் சேவலைக் குறிக்கும் சொல்லின் இரட்டிப்பு. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை இதுவே. 2020இல் வெளியான மரபணு ஆய்வு, பல துணையினங்களுள் ‘ஸ்பாடிசியஸ்’ என்பதை அந்த மூலமாகக் காட்டியது. தீபகற்ப மலேசியாவில் இருப்பதும் அதே துணையினம்.

கம்பத்துக் கோழியிலிருந்து, அதாவது கிராமத்து வீட்டுக்கோழியிலிருந்து, இதைப் பிரித்தறியச் சாம்பல் நிறக் கால்களும், பெட்டைக்குக் கொண்டை ஏறக்குறைய இல்லாமையும், கூவலின் இறுதி சட்டென அறுபடுவதும் உதவும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் சேவல் தன் பொன்னிறக் கழுத்திறகுகளை உதிர்த்து, சில காலம் மங்கிய கருமையோடு திரியும். வீட்டுச் சேவலுக்கு இம்மாற்றம் இல்லை. எண்ணெய் தரும் செம்பனை மரத் தோட்டம் இதற்கு அந்நியமன்று. விதைகளையும் கரையான்களையும் உதிர்ந்த செம்பனைப் பழங்களையும் தின்று, இரவில் மரத்தில் அடைந்து, முட்டைகளை மட்டும் தரையில் இடுகிறது. அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் பெட்டையின் வேலை.

எண்ணிக்கை அளவில் இவ்வினத்துக்கு உடனடி ஆபத்து இல்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் இதைக் குறைந்த கவலைக்குரிய இனமாகவே வகைப்படுத்துகிறது. கவலை வேறிடத்தில் உள்ளது. தோட்டக் குடியிருப்புகளின் கோழிகள் காட்டோரம் மேய்ந்து கலப்பதால், தூய காட்டு மரபு மெல்லக் கரைகிறது. வேட்டையையாவது, உரிமம் கோரும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம். இக்கலப்பைச் சட்டம் தடுக்காது. காட்டோரம் திரியும் எந்தக் கோழியையும் காட்டுக்கோழி என்று சொல்லும் பேச்சுவழக்கில் இந்த இழப்பு கண்ணுக்குத் தெரிவதுமில்லை. கலந்து பிறந்தவற்றைக் கலப்புக் காட்டுக்கோழி என்றும், கலவாதவற்றை மட்டும் செங்காட்டுக்கோழி என்றும் எழுதுவது நல்லது.