பெயர்ச்சொல் பெட்டியாகும், வினைச்சொல் கோடாகும்

"உறுப்பினர் நூலகத்தில் நூலை இரவல் பெறுவார். ஒவ்வொரு நூலுக்கும் தலைப்பு, ஆசிரியர், விலை உண்டு. ஓர் உறுப்பினர் ஒரே சமயத்தில் மூன்று நூல்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது."

நூலகத்துக்கு மென்பொருள் எழுதப் போகிறவர் கையில் முதலில் கிடைப்பது இப்படிப்பட்ட வாக்கியங்கள்தாம். நிரல் எழுதுமுன் இவற்றை வரைபடமாக்க வேண்டும். எவை பொருள்களைக் குறிக்கும் பெட்டிகள், எவை அவற்றின் தொடர்பைக் காட்ட அவற்றை இணைக்கும் கோடுகள் என்று முடிவு செய்ய வேண்டும். மென்பொருள் வடிவமைப்பை வரைவதற்கென 1997இல் தரமாக ஏற்கப்பட்ட யுஎம்எல் (UML) குறியீட்டில் இதை வரைவது வழக்கம். கணினியே வரைந்துவிடுமா?

வரையும். அதற்கான சாவி இலக்கணத்தில் இருக்கிறது. 1983இல் ரஸல் அபாட், பீட்டர் சென் ஆகிய கணினி அறிஞர்கள் இருவரும் தனித்தனிக் கட்டுரைகளில் ஆங்கில வாக்கியங்களைக் கொண்டு இதைக் காட்டினார்கள். சென் சொன்ன விதிகளைப் பள்ளி இலக்கணச் சொற்களிலேயே சொல்லிவிடலாம்: பொதுப்பெயர் பெட்டியாகும், செயப்படுபொருள் குன்றாவினை கோடாகும், பெயரடை பெட்டிக்குள் எழுதும் பண்பாகும்.

இந்த விதிகளைக் கொண்டு வரைபடம் வரையும் கணினிக் கருவி முதலில் ஒவ்வொரு சொல்லும் பெயரா வினையா என்று குறிக்கிறது. பிறகு யார், எதை, என்ன செய்தார் என்று பிரிக்கிறது. ஆங்கிலத்தில் இதைப் பெரும்பாலும் சொல்வரிசை காட்டிக்கொடுக்கும். தமிழிலோ "நூலை" என்பதில் உள்ள ஐ உருபே போதும், சொல் எங்கே நின்றாலும் சரி. ஆகவே தமிழுக்கு எழுதும் கருவி முதலில் உருபைப் பிரிக்கக் கற்க வேண்டும். "உறுப்பினர்", "நூல்" இரண்டும் பெட்டிகளாகின்றன. "பெறுவார்" கோடாகிறது. "மூன்றுக்கு மேல் கூடாது" என்பது கோட்டின் முனையில் 0..3, அதாவது சுழியம் முதல் மூன்று வரை, என்று அமர்கிறது. "நூலகம்" என்பதும் பெயர்ச்சொல்தான். ஆனால் இருப்பது ஒரே நூலகம் என்றால் அதற்குப் பெட்டி தேவையில்லை.

இதுவரை எல்லாம் ஒழுங்காகத் தோன்றும். ஆனால் வரைபடம் தவறு. நூலகத்தில் ஒரே தலைப்பில் நான்கு பிரதிகள் இருக்கலாம். ஆசிரியர் பெயர் தலைப்புக்கு உரியது. வாசகர் வீட்டுக்குப் போவது பிரதி. வெவ்வேறு ஆண்டுகளில் வாங்கியிருந்தால் விலைகூடப் பிரதிக்குப் பிரதி மாறும். "நூல்" என்ற ஒரே சொல் இரண்டு பொருள்களைச் சுமப்பதை இலக்கண விதி கண்டுகொள்ளாது. ஒரே பெட்டியாக விட்டுவிட்டால், ஒரு பிரதி வெளியே போனதும் "நூல் இல்லை" என்று கணினி சொல்லும். அலமாரியில் மூன்று பிரதிகள் இருக்க, வாசகர் வெறுங்கையோடு திரும்புவார். அந்த வாக்கியங்களை எழுதியவருக்குப் பிரதியும் தலைப்பும் வேறு என்பது அவ்வளவு வெளிப்படை என்பதால்தான் எழுதாமல் விட்டார். வடிவமைப்பின் உண்மையான கடினம் இந்த எழுதப்படாத பகுதியில் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

சாட்ஜிபிடி போன்ற இன்றைய பெரிய மொழி மாதிரிகள் எத்தனையோ நூலகங்களைப் பற்றிய எழுத்தில் பயின்றவை. பிரதிக்குத் தனிப்பெட்டி தாமாகவே போடக்கூடும். அதே பழக்கத்தில், யாரும் கேட்காத "அபராதம்" என்ற பெட்டியையும் சேர்த்துவிடக்கூடும். ஒவ்வொரு பெட்டியும் எந்த வாக்கியத்திலிருந்து வந்தது என்று எண்ணிட்டுக் காட்டச் சொன்னால், வாக்கியம் இல்லாத பெட்டி உடனே கண்ணில் படும். அதை அழிக்குமுன் நூலகரிடம் கேட்பது நல்லது: தாமதத்துக்கு அபராதம் உண்டா? ஒரே தலைப்பில் பல பிரதிகள் வாங்குகிறீர்களா? இரண்டாவதற்கு அவர் "ஆம்" என்றால் "நூல்" என்ற பெட்டி இரண்டாகப் பிரியும், 0..3 என்ற வரம்பு பிரதியின் பக்கம் நகரும்.