திருப்தியா என்று கேட்டால் என்ன தெரியும்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வரும் பதினாறு வயதுப் பெண்ணை வாசலில் நிறுத்தி, "இங்கே கிடைத்த சேவை திருப்தியா?" என்று கேட்டால், பெரும்பாலும் "ம், திருப்திதான்" என்றுதான் பதில் வரும். அம்மா பக்கத்தில் நிற்கிறார். நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார். பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. அவள் வேறு என்ன சொல்வாள்? எல்லா நிலையங்களுக்கும் இப்படியே நல்ல மதிப்பெண் குவியும்போது, எது இளைஞர்களை அரவணைக்கிறது, எது விரட்டுகிறது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

அப்படியானால் எதை அளப்பது? உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 24 வயதுவரை உள்ளவர்களை இளையோர் என்கிறது. அவர்களுக்கு உகந்த மருத்துவ சேவைக்கு ஐந்து குணங்களையும் சொல்கிறது: யாரையும் ஒதுக்காமை, எளிதில் கிடைப்பது, வந்தவருக்குச் சங்கடம் தராமை, தேவைக்குப் பொருந்துவது, பலன் தருவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "சங்கடம் தராமை"யை எந்த அளவுகோலாலும் நேராக அளக்க முடியாது. அதைக் கண்ணுக்குத் தெரியும் நிகழ்ச்சிகளாக உடைக்க வேண்டும்.

கேள்வித்தாள் தயாரிப்பவர்களின் உண்மையான வேலை இதுதான். "டாக்டர் மரியாதையாக நடந்துகொண்டாரா?" என்பது அபிப்பிராயம் கேட்கும் கேள்வி. "உங்களுடன் வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு டாக்டர் உங்களிடம் தனியாகப் பேசினாரா?" என்பது நடந்ததைக் கேட்கும் கேள்வி, ஆம், இல்லை என்று சொல்லிவிடலாம். "ஓபி சீட்டு போடும் இடத்தில் என்ன பிரச்சினை என்று மற்றவர் காதில் விழும்படி கேட்டார்களா?", "பள்ளி நேரம் தவிர வேறு நேரத்தில் வர முடிந்ததா?" ஆகியவையும் இந்த ரகம்தான். ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடம் என்றால், தனியாகப் பேசினாரா என்பதைத்தான் நான் வைப்பேன். அது நடக்காத இடத்தில் மாதவிடாயோ மனச்சோர்வோ பேச்சுக்கே வராது.

கேள்விகளை எழுதி முடித்ததும் ஒரு சிறு குழுவிடம் கொடுத்து, ஒவ்வொன்றையும் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று சொல்லச் சொல்வார்கள். குழப்பம் தந்தவை அங்கேயே மாற்றப்படும். அப்புறம் பெரிய குழு, கூடவே புள்ளியியல் சோதனைகள். ஒரே குணத்தை அளக்கும் கேள்விகளின் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று க்ரோன்பாக் ஆல்ஃபா என்ற எண் காட்டும். 0.7-க்கு மேல் இருந்தால் பரவாயில்லை என்பது வழக்கம். ஆனால் கேள்விகளைக் கூட்டிக்கொண்டே போனால் இந்த எண்ணும் ஏறும் என்பதால், அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. காரணிப் பகுப்பாய்வு என்ற இன்னொரு சோதனை வேறொன்றைப் பார்க்கிறது. நாம் ஐந்து குணங்கள் என்று பிரித்ததை, இளைஞர்களின் பதில்களும் ஐந்தாகவே காட்டுகின்றனவா என்று அது சொல்லும்.

இவ்வளவு செய்தாலும் காகிதத்தில் இருப்பதும் அறைக்குள் நடப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் 1999-இல் தொடங்கிய ஒரு தேசியத் திட்டம், இளையோருக்கு உகந்த கிளினிக்குகளைத் தரநிலைகளின்படி சோதித்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று நட்சத்திரங்கள் கொடுத்தது. பிற்பாடு சொவெட்டோவில் 15 ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு, பயிற்சி பெற்ற இளைஞர்கள் சாதாரண நோயாளிகளைப் போலவே போனார்கள். அவற்றில் ஏழில் இளையோருக்கான தனித் திட்டம் நடைமுறையில் இருந்தது. 2015-இல் முடிவு வெளியானது: திட்டம் இருந்த இடங்களில் கிடைத்த அனுபவம், இல்லாத இடங்களைவிட மேலாக இல்லை. நண்பர்களுக்கு அந்த இடங்களைக் கூடுதலாகப் பரிந்துரைக்கவும் அவர்கள் தயாராக இல்லை. போஸ்டரும் பயிற்சிச் சான்றிதழும் சுவரில் இருக்கலாம். ஊழியர் பேசும் விதம் மாறியிருக்காது. இப்படி நோயாளி வேடத்தில் ஆளை அனுப்புவது, வாசலில் நின்று கேட்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் செலவு பிடிக்கும். ஊழியர்களின் நேரத்தையும் எடுக்கும் என்பதால், "வரும் மாதங்களில் யாராவது வரலாம்" என்று நிலையங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது முறை.

இந்த முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு ஓட்டை உண்டு. இவை வாசலுக்குள் நடப்பதை மட்டுமே பார்க்கின்றன. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வராமலேயே இருந்துவிட்டவர், எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவரைத் தேடிப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் போய், "கடைசியாக உடம்புக்கு முடியாமல் போனபோது ஏன் அங்கே போகவில்லை?" என்று கேட்டால்தான் மீதிப் படம் கிடைக்கும்.

இந்தியாவில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. 10 முதல் 19 வயதினருக்காக 2014-இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத்திட்டம், தனி மையங்களும் ஆலோசகர்களும் வேண்டும் என்கிறது. ரகசியம் காப்பது அந்த மையங்களின் அடிப்படை. ஆனால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குக் கீழுள்ளவருடனான பாலுறவு, அவர் சம்மதித்திருந்தாலும் குற்றம். அது தெரியவந்தால் மருத்துவர் புகார் செய்தே ஆக வேண்டும். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவருடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், சிறுமியின் அடையாளத்தைப் புகாரில் வெளியிட வேண்டியதில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே வெளிநாட்டுக் கேள்வித்தாளில் இருக்கும் "நீங்கள் சொன்னதை யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று உறுதியளித்தார்களா?" என்ற கேள்வியை இங்கே அப்படியே மொழிபெயர்த்துப் பயன்படுத்த முடியாது. அதற்கு "ஆம்" என்று பதில் வந்தால், அந்த மருத்துவர் காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்திருக்கிறார் என்றும் பொருளாகலாம். "எதை ரகசியமாக வைத்திருப்போம், எதைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கும் என்று முதலிலேயே விளக்கினார்களா?" என்பதுதான் இங்கே பொருந்தும்.